பித்தளைப் பாதி, எவர்சில்வர் பாதி

மார்ச் 3, செவ்வாய்

மேல்தாடை முழு செட் இரண்டு, கீழ்த்தாடை அரை செட் ஒன்று. முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பல் டாக்டரம்மா இந்த மாதத்தோடு கிளினிக்கை மூடுகிறார். காத்திருக்கிறவர்கள் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரயில் எஞ்சின் இருக்குமே, ஊசிக்குப் பயந்து அழுகிற குழந்தைகளுக்குக் காட்டுவது, அதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். "இருபது வருஷமா சொன்ன நேரத்துக்குப் பல் செஞ்சு குடுத்திருக்கீங்க" என்றார். சொன்ன நேரம் என்பது அவருடைய பெருந்தன்மை.

ஒரு முழத்துக்கு மேல் நீளம். நாலு கிலோ. கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம். பொம்மை என்று சொன்னால் அதற்கே கோபம் வரும்.

மனைவி பார்த்தாள். "இதை எங்க வைக்கிறது?"

"வைக்கிறதுக்கு இல்ல. ஓட்டுறதுக்கு."

அவள் மருந்துக்கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் வியாதியைப் பார்க்கிறவள். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 7, சனி

ரயில் கடை. இப்படி ஒரு கடை இருப்பதே இதுவரை தெரியாது. கடைக்காரர் மூன்று துண்டுத் தண்டவாளத்தை வரிசையாக வைத்தார், பெண் பார்க்க வந்தவர்களுக்குப் படம் காட்டுவதுபோல.

அலுமினியம்: மலிவு, மிருது, தெரியாமல் காலை வைத்தால் வளையும். பித்தளை: மின்சாரம் தடங்கலில்லாமல் ஓடும், ஆனால் வெளியில் கிடந்தால் கறுக்கும், வாராவாரம் தேய்க்க வேண்டும். எவர்சில்வர்: கறுக்காது, தேய்க்க வேண்டாம். மின்சாரம் கொஞ்சம் மெதுவாகப் போகும், அறுப்பதற்குள் கை கழன்றுவிடும்.

நான் பித்தளை என்றேன். என்ன பளபளப்பு!

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள்: "மத்தவங்க வாயில கறுக்காத உலோகமா பாத்துப் பாத்து வெக்கிறீங்க. நமக்கு மட்டும் கறுக்கறதா?" நியாயமான கேள்விதான். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

மின்சாரத்துக்குப் பவர் பாக்ஸ். எஞ்சின் மூன்று ஆம்பியர்தான் இழுக்குமாம், விளக்கும் புகையும் சேர்த்து. ஐந்து ஆம்பியர் பாக்ஸ் தாராளம் என்றார். பத்து வாங்கினேன். பின்னால் தேவைப்படும். எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். நல்லவேளை, வியாபாரி, கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பின்முற்றத்தில் வட்டம் போட்டேன். நாலடி வட்டம். எஞ்சினை வைத்து, குமிழைத் திருகி, கை தட்டத் தயாராக நின்றேன்.

முன்சக்கரம் வளைவில் திரும்பியது. பின்சக்கரம் நேராகப் போனது. எஞ்சின் குப்புற விழுந்து துணி துவைக்கிற கல்லில் முட்டியது.

மார்ச் 9, திங்கள்

மறுபடியும் முட்டியது. இந்தத் தடவை என் கால் கட்டைவிரலில்.

மார்ச் 11, புதன்

"எவ்ளோ பெரிய எஞ்சின்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்கிறார் கடைக்காரர். எட்டடி வட்டமாவது வேண்டுமாம். என் பின்முற்றத்தின் அகலம் ஏழடி. எந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அளந்தாலும் ஏழடி.

மனைவியிடம் சொன்னேன். நிமிராமல் சொன்னாள்: "சுவத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஏழடி இருக்கே."

அந்தப் பக்கம் அண்ணன்.

மார்ச் 12, வியாழன்

வெளியே சொல்ல முடியாததை எழுதத்தான் இந்த நோட்டு. இதில் எதையும் மறைப்பதில்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். ஆகவே எழுதிவிடுகிறேன்.

அப்பா கட்டியது இரட்டை வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். பின்முற்றத்திலும் தோள் உயரத்துக்கு அதே சுவர். இந்தப் பாதியில் நான், அந்தப் பாதியில் அண்ணன். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் தும்முவதுகூட எனக்குக் கேட்கும். அவ்வளவு பக்கம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நாலு வருட சர்வீஸ். அவர் ஓய்வுபெற்ற அன்று கம்பெனி ஹாலில் விழா. என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அது யார் தப்பு? நான் சொன்னேன்: "எங்க அண்ணன் ஊரையே லிஃப்ட்ல ஏத்தி இறக்கினவர். ஆனா அவர் மட்டும் படியேறித்தான் போவார். ஏன் தெரியுமா? உள்ள நின்னு கதவு மூடினா அவருக்கு பயம்!"

இருநூறு பேர் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நல்ல ஜோக்தான். இப்போதும் சொல்கிறேன், நேரம் பார்த்துச் சொன்ன ஜோக்.

என்ன, அது ஜோக் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு மாடிக்கு நடுவே ஐந்து மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்டாராம். அதிலிருந்து லிஃப்டின் கூரை மேல் நின்று வேலை பார்ப்பார், அதன் அடியில் இருக்கிற பள்ளத்தில் இறங்குவார், உள்ளே நின்று கதவு மூடினால் மட்டும் முடியாது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆறு மாடி ஏறி வந்த மூச்சு அடங்காமலே இதை என்னிடம் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லாதடா." நானும் சொல்லவில்லை. மைக் கிடைக்கிறவரை.

அன்றைக்கு மனைவி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஊர் வாய்க்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்கறீங்களே, உங்க வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சுக்கக் கூடாதா?"

மன்னிப்பா? கேட்டிருக்கலாம். முதல் வாரம் அவர் கோபம் ஆறட்டும் என்று விட்டேன். பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஒரு ஜோக்குக்கு இவ்வளவா என்று. அப்புறம் அதுவே பழகிப்போனது.

இன்று இன்னொன்றும் தெரிந்தது. அண்ணி சொன்னதாக மனைவி சொன்னாள். முழங்கால் இரண்டும் போய்விட்டதாம். ஏப்ரல் 26, மகள் வீட்டுக்கே குடிபோகிறார்கள். வேறு ஊர், ரயிலில் ஒரு நாள். அந்தப் பாதியைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

நாற்பத்தைந்து நாள் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். எதற்கு எண்ணினேன்?

மார்ச் 15, ஞாயிறு

நான் மனைவியிடம் சொல்ல, அவள் அண்ணியிடம் சொல்ல, அண்ணி அண்ணனிடம் சொல்ல, பதில் அதே வழியில் திரும்பி வந்தது. சுவரில் தட்டியிருந்தால் அரை நிமிடம்.

அண்ணன் சம்மதம். ரயில் அவர் பக்கம் வந்து போகலாம். நிபந்தனைகள்:

அவர் பக்கத்துத் தண்டவாளத்தை அவரே போடுவார். அது எவர்சில்வராக இருக்கும். பித்தளை விளக்குக்குத்தான் லாயக்காம். மின்சாரமும் அவர் பாதிக்கு அவருடையது. கடையில் விற்கிற டப்பாவை நம்புகிறவர் இல்லை, சொந்தமாகச் செய்வார்.

எனக்கும் ஒரு நிபந்தனை இருக்காதா? இரண்டு பாதிக்கும் நடுவில் பிளாஸ்டிக் இணைப்புப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் கரண்ட் என் பக்கம் வரக் கூடாது.

"சின்னப் புள்ளைங்க தேவலாம்" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் போய்ச் சொன்னாள்.

மார்ச் 21, சனி

கொத்தனார் வந்து சுவரின் அடியில் இரண்டு ஓட்டை போட்டார், எட்டடி இடைவெளியில். எதற்கு என்று கேட்டார். ரயிலுக்கு என்றேன். தலையாட்டிவிட்டு உளியை எடுத்தார். பெருக்கித் தள்ளும்போது மட்டும் மெதுவாகக் கேட்டார்: "ஆளுங்க போற அளவுக்கு வேணாமா சார்?"

மார்ச் 29, ஞாயிறு

என் பக்கம் ஒரு லாட வடிவம், பித்தளையில். இரண்டு முனையும் சுவர் ஓட்டைக்குள் முடிகிறது. ஜல்லி போட்டு, குச்சியால் குத்தி, மட்டம் பார்த்து முடிப்பதற்குள் இடுப்பு போய்விட்டது.

அந்தப் பக்கம் காலையிலிருந்து ரம்பச் சத்தம். எவர்சில்வரை அறுக்கிறார். அறுக்கிறார், நிறுத்துகிறார், மூச்சு வாங்குகிறார், மறுபடி அறுக்கிறார். நான் பல் செய்கிற லேபில் சின்ன மின்ரம்பம் இருக்கிறது. பத்து நொடியில் அறுக்கும். கொடுத்து அனுப்பலாமா என்று மூன்று தடவை எழுந்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன். வேவு இல்லை, ஆய்வு. அவர் பக்கம் தண்டவாளம் கோடு கிழித்தமாதிரி கிடக்கிறது. ஒவ்வொரு முழத்துக்கும் ரசமட்டம் வைத்திருப்பார், எனக்குத் தெரியும். பவர் பாக்ஸ் மரப்பலகையில், பழைய லிஃப்ட் டிரான்ஸ்ஃபார்மர், கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ். ஒயரெல்லாம் படிய வாரின தலைமாதிரி.

என்னுடையது கடையில் விற்கிற டப்பா.

ஏப்ரல் 4, சனி

இன்று முதல் ஓட்டம். என் பக்கம் நான், மனைவி. அந்தப் பக்கம் அண்ணன், அண்ணி. சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. நான் எஞ்சினைப் பார்த்தேன். அவரும் எஞ்சினைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

குமிழைத் திருகினேன். எஞ்சின் நகர்ந்தது. வளைவில் துளி ஆட்டம் இல்லை. அப்படியே ஓட்டைக்குள் கம்பீரமாக நுழைந்தது. முன்சக்கரம் அண்ணன் பக்கத்தைத் தொட்டதோ இல்லையோ —

டப்.

என் டப்பாவில் சிவப்பு விளக்கு. அந்தப் பக்கம் ஃப்யூஸ் போன சத்தம். எஞ்சின் சுவருக்குள் பாதி உடம்போடு நின்றது. நாலு பேரும் அதன் வாலையும் தலையையும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அவங்க பாக்ஸ்ல கோளாறு" என்று மனைவியிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியிடம் ஏதோ சத்தமாகச் சொன்னார். கடை டப்பா என்ற வார்த்தை தெளிவாகக் கேட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

மூன்று தடவை. மூன்று தடவையும் டப். அவர் ஃப்யூஸ் மாற்றுகிறார், நான் பொத்தானை அழுத்துகிறேன். பேசாமலே இவ்வளவு ஒற்றுமையாக வேலை பார்க்கிறோம்.

ஏப்ரல் 9, வியாழன்

நேற்று மழை. பித்தளை கறுத்துவிட்டது. அரை நாள் தேய்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எவர்சில்வர் ஒன்றும் தெரியாதமாதிரி மினுக்கிக்கொண்டு கிடக்கிறது.

மனைவி இனி தூது போக மாட்டாளாம். அண்ணியும் அப்படியே சொல்லிவிட்டாராம். இரண்டு பேரும் கலந்து பேசித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள்.

பதினேழு நாள்.

ஏப்ரல் 11, சனி

பவர் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், சண்டைக்கு. கடைக்காரர் சோதித்தார். பாக்ஸ் நன்றாக இருக்கிறது. என்னை உட்கார வைத்து ஒரு தாளில் வட்டம் வரைந்தார்.

"வண்டி எந்தப் பக்கமா சுத்தணும் சார்?"

கடிகாரம் சுற்றுகிறமாதிரி என்றேன். வேறு எப்படிச் சுற்றும்?

"உங்க அண்ணன் எப்படி வெச்சிருக்காரு?"

நான் தாளில் இருந்த வட்டத்தைப் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டார். இரண்டு தண்டவாளத்தில் எதில் மின்சாரம் நுழைகிறதோ அதைப் பொறுத்துத்தான் வண்டி போகும் திசை. என் பாதியில் நான் ஒரு பக்கமாக வைத்திருக்கிறேன். அவர் பாதியில் அவர் எதிர்ப்பக்கமாக வைத்திருக்கிறார். எஞ்சின் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட். அவ்வளவுதான். யார் பெட்டியிலும் கோளாறு இல்லை.

"வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும் சார். யாராவது ஒருத்தர் ஒயரை மாத்திக்கணும். ஒரே நிமிஷ வேலை."

பொருளை எல்லாம் ஒரு மாதம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். உலோகம் பார்த்தேன், ஆம்பியர் பார்த்தேன். எந்தப் பக்கம் சுற்றுவது என்று கேட்கத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள்தான், சந்தேகமே வேண்டாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

விடிந்ததும் எழுந்து என் பக்கத்தை மாற்றிவிட்டேன். போகட்டும், அவர் வைத்திருக்கிற பக்கமே சுற்றட்டும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எஞ்சினைத் தூக்கி எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தேன். எட்டு மணிக்கு வழக்கம்போல அவர் தலை சுவருக்கு மேல் வந்தது. குமிழைத் திருகினேன். இதுவரை வெளியே வரும் வழி என்று வைத்திருந்த ஓட்டைக்குள் எஞ்சின் போனது.

டப்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதுவும் புரியவில்லை. சரியாகத்தானே மாத்தினேன்! ரெண்டு தடவை பாத்தேனே! என்னதான் ஆச்சு இந்தச் சனியனுக்கு —

ஒரு நிமிடம் ஆனது. பிறகு புரிந்தது.

ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்தேன். அந்தப் பக்கம் அவர் செருப்பும் ஸ்டூலின் காலும் தெரிந்தன. முழங்கால் மடங்காது, ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"மாத்தினீங்களா?" என்றேன். மூன்று வருடத்தில் முதல் வார்த்தை.

ஸ்டூல் கிறீச்சென்றது. அப்புறம் குரல் வந்தது.

"நேத்து சாயங்காலமே மாத்திட்டேன். உன் பக்கமே சுத்தட்டும்னு."

"நான் காலைல மாத்தினேன். உங்க பக்கமே சுத்தட்டும்னு."

அந்தப் பக்கம் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. என் பக்கத்தில் இன்னொருத்தி பொத்திக்கொள்ளாமலே சிரித்தாள்.

"இப்ப நீ எதையும் தொடாதடா" என்றார் அண்ணன். "நான் மாத்துறேன்."

"சரி. தொடல."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிட வேலையை அவர் மூன்று நிமிடம் செய்தார், இரண்டு தடவை சரிபார்த்திருப்பார். பிறகு எஞ்சின் சுவருக்குள் போனது. மறைந்தது. அந்தப் பக்கம் சக்கரச் சத்தம் மாறியது, எவர்சில்வரில் கொஞ்சம் கணீரென்று. அப்புறம் மற்ற ஓட்டையில் விளக்கு தெரிந்தது.

அவர் முதலில் வைத்த பக்கம்தான் சுற்றுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 14, செவ்வாய்

மின்ரம்பத்தை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி அறுக்க ஒன்றும் இல்லை என்றார். பரவாயில்லை இருக்கட்டும் என்றேன். வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அண்ணன் தெருவைச் சுற்றி என் பக்கத்துக்கு வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏற எவ்வளவு நேரம் ஆனது! நான் பார்க்காதமாதிரி செடிக்குத் தண்ணீர் விட்டேன்.

நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினோம். பித்தளையைத் தடவிப் பார்த்தார். கறுப்பைக் காட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"அண்ணா, அன்னிக்கு மைக்ல நான்..."

"வளைவுல வேகத்தைக் குறை."

குறைத்தேன். இரண்டு சுற்று ஆனது.

"நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். "தப்பு. பெரிய தப்பு."

"ஆமா" என்றார். அவ்வளவுதான். இல்லை பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, எஞ்சின் அவர் பக்கம் போயிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மக வீடு ஒன்பதாவது மாடிடா."

எப்போதும் நாக்கு நுனியில் ஏதாவது ஒரு வரி நிற்கும் எனக்கு. இன்று ஒன்றும் இல்லை.

"சாமான் ஏத்த ஆள் வேணுமில்ல" என்றேன். "நானும் கூட வர்றேன்."

ஏப்ரல் 25, சனி

நேற்று லாரி சாமானோடு முன்னால் போனது. இன்று ரயில். பெரிய ரயில். நான், அண்ணன், அண்ணி. அவர்கள் வீட்டுச் சாவி எங்களிடம். எவர்சில்வர் பாதி அப்படியே இருக்கட்டும் என்றார். "அதைத் தேய்க்க வேணாம். உன்னுதைத் தேய்." ஆறு நாள் பொறுத்துவிட்டுச் சொல்லியே விட்டார்.

ஜன்னலோரம் அவர். எதிரே நான். இந்தப் பாதையில் தண்டவாளம் மீட்டருக்கு எத்தனை கிலோ எடை என்று இரண்டு மணி நேரம் வாதம். பெட்டியில் இருந்தவர்கள் எங்களை ரயில்வேக்காரர்கள் என்று நினைத்துக் குடிதண்ணீர் வரவில்லை என்று புகார் சொன்னார்கள். கவனிப்பதாகச் சொன்னோம்.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் போய்ச் சேர்ந்தோம். மகளும் அண்ணியும் பைகளோடு முதலில் மேலே போய்விட்டார்கள். கீழே நானும் அண்ணனும் ஒரு பூச்செடியும்.

படியைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். லிஃப்ட் கீழே வந்தது. நான் முதலில் ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறினார். கதவு மூடியது.

"என்னோட பத்து ஆம்பியர் பாக்ஸ்லேர்ந்தே ரெண்டு பாதிக்கும் கரண்ட் குடுத்துடலாமா?" என்று கேட்டேன். எவர்சில்வரில் தூரம் போகப் போக வேகம் குறையும், அந்தக் கோடியில் இன்னொரு ஒயர் இழுத்துக் கொடு என்றார். எத்தனை எம்எம் ஒயர் என்றேன். சொன்னார். எந்த நிறம் என்றேன். அதையும் சொன்னார். ஒன்பது மாடி, நாற்பது நொடி இருக்கும்.

அந்த நாற்பது நொடியில் அவர் எப்படி நின்றார், முகம் எப்படி இருந்தது, பூச்செடி யார் கையில் இருந்தது, இன்னொரு கை எங்கே இருந்தது — எல்லாம் எனக்குத் தெரியும்.

ராத்திரி மனைவி போனில் கேட்டாள், மெதுவாக. "லிஃப்ட்ல எப்படிப் போனாரு?"

"எல்லாரும் போற மாதிரிதான் போனாரு" என்றேன்.

இந்த நோட்டுக்கும் அதே பதில்தான்.